கெளுத்திக்குப் போட்ட பொரி

எங்கள் வீட்டுக் கெளுத்தி, குழம்பு வைப்பதற்காக வாங்கி வந்த மீன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசை ஆசையாய்க் கண்ணாடித் தொட்டி வாங்கி மீன் வளர்த்த சீமாட்டி என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாது.

எழுபதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். என் வீட்டுக்காரர் கோயில் மதிலோரம் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுத் தரும் கடை வைத்திருந்தார். ஒருநாள் வேங்கிக்கால் ஏரியில் பிடித்த கெளுத்தியை உயிரோடு தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அன்று புரட்டாசி முதல் தேதி. அந்த மனுஷனுக்கு அது நினைப்பிலேயே இல்லை.

"மாசம் பொறந்த அன்னிக்கு மீனாடா தூக்கினு வர்ற?" என்று மாமியார் வாசலிலேயே மறித்துவிட்டார்.

பெரிய மீன்களைப் பக்கத்து பாய் வீட்டுக்குக் கொடுத்தோம். விரல் நீளத்தில் ஒன்று வாளியடியில் ஒட்டிக்கொண்டு மிஞ்சிவிட்டது. "துணி தொவைக்கிற தொட்டில போட்டு வை. புரட்டாசி முடியட்டும், கொஞ்சம் பெருத்ததும் அறுத்துக்கலாம்" என்றார் மாமியார்.

அந்த ஒரு மாதத்தில் அது என் வளையல் சத்தத்தைப் பழகிக்கொண்டது. தொட்டி விளிம்பில் வளையலைத் தட்டினால் மீசையை ஆட்டிக்கொண்டு மேலே வரும். மாதம் முடிந்ததும் மாமியார் அரிவாள்மணையை எடுத்தார். நான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, கடையில் மிஞ்சிய கண்ணாடிகளை இரும்புச் சட்டத்தில் பொருத்தி, ஓரமெல்லாம் தார் உருக்கி ஊற்றி ஒரு தொட்டி செய்து கூடத்தில் வைத்தார். ஒழுகாத நாள் கிடையாது. இருந்தாலும் எனக்காகச் செய்தார். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

வருஷங்கள் போயின. என் வயிறு திறக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் தொட்டியைப் பார்ப்பார்கள், அப்புறம் என் வயிற்றைப் பார்ப்பார்கள். "மீனுக்கு ஊட்டுற கையி, ஒரு புள்ளைக்கு ஊட்டியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்" என்று என் வீட்டுக்காரரின் அக்கா, என் நாத்தனார், என் காதுபடவே சொல்லுவார். நான் காபி கலந்து கொடுப்பேன். ஒருமுறை நான் அழுதபோது என் வீட்டுக்காரர் தொட்டியைக் காட்டி, "நமக்கு இது போதும், விடு" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அந்த வீட்டில் நான் தலைநிமிர்ந்து நடமாடினேன்.

பத்து வருஷத்தில் கெளுத்திக்கு வயசாகிவிட்டது. முதுகு லேசாக வளைந்தது. ஒரு மீசை பாதியில் ஒடிந்துபோனது. இரண்டு கண்ணிலும் பால் படர்ந்தது. புழுவைப் போட்டால் பக்கத்தில் கிடப்பதுகூடத் தெரியாமல் தரையைத் துழாவும். அதனால் கொல்லையில் மண்புழு தோண்டி, துண்டாக்கி, ஈர்க்குச்சி முனையில் குத்தி அதன் வாய்க்கருகே நீட்டுவேன். வாங்கிக்கொள்ள அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும் மகாராஜா. ஒருமுறை பக்க முள்ளால் என் விரலைக் குத்திவிட்டது. இரண்டு நாள் கடுத்தது, நன்றி கெட்ட ஜென்மம் என்று திட்டிக்கொண்டே ஊட்டினேன். தின்னாமல் விட்ட துண்டை உடனே எடுத்துவிட வேண்டும். தண்ணீர் கெட்டால் வயசான மீன் தாங்காது. ஒருதரம் மாமியார் ஒரு பிடி சோற்றைப் போட்டுவிட, மறுநாளே அது செத்துப் பிழைத்தது. வெயில் காட்டி வைத்த கிணற்றுத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக மாற்றி ஊற்றிக் காப்பாற்றினேன். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று பார்த்தார். தெரியாது என்று அவர் சொல்ல முடியாது.

அடுத்து வந்தது கார்த்திகை தீபம். இந்த ஊரில் வீடு இருந்தால் தீபத்துக்கு அது சத்திரம்தான். அந்த வருஷம் பன்னிரண்டு பேர். நாத்தனார் போளூரிலிருந்து ஒரு டின் நிறைய வெல்லப்பாகில் புரட்டிய பொரியோடு வந்து இறங்கினார். எனக்கு அடுப்படியை விட்டு நகர முடியவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஏங்க, தொட்டில யாரும் எதுவும் போடாம பாத்துக்கங்க" என்றேன். "சரி, நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஆறு மணிக்கு மலையில் தீபம் ஏறியது. மாடியில் அரோகரா போடுவது கேட்டது. நான் வடைச்சட்டி முன்னால் நின்றபடியே ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன். அப்புறம் பந்தி, பாத்திரம், பாய். அன்றைக்கு நான் தொட்டிப் பக்கமே போகவில்லை. அது என் தப்புதான்.

விடிந்ததும் புழு டப்பாவோடு போனேன். தண்ணீர் பழுப்பாகக் குழம்பி, புளித்த வாடை அடித்தது. ஊறிய பொரி தரை முழுக்கக் கூழாய்ப் படிந்திருந்தது. கெளுத்தி மேலே வந்து ஒருக்களித்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. வளையலைத் தட்டினேன். திரும்பவில்லை. தண்ணீரை மொண்டு கொட்டினேன், புதுத் தண்ணீர் ஊற்றினேன், கூழை வழித்தெடுத்தேன். வீடே எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது.

"எவ போட்டது?" என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

"நான்தான் போட்டேன்" என்றார் நாத்தனார். "இன்னாத்துக்கு இப்படிக் கத்தற? கொளத்து மீனுக்குப் பொரி போடறதில்லையா? தீபம் ஏத்தற நேரத்துல ஒம்போது பிடி போட்டு வேண்டிக்கினா வயிறு தெறக்கும்னாங்க. எனக்கா வேண்டிக்கினேன்? உனக்குத்தானே!"

அவருடைய கண் கலங்கியிருந்தது. மனசாரத்தான் வேண்டியிருக்கிறார், பாவி. அதனால் அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

"உங்க தம்பி எங்க போனாரு? அவரைப் பாத்துக்கச் சொன்னேனே."

"அவன் இல்லாமலா? எட்டு நான் போட்டேன். ஒம்போதாவது பிடி புருஷன் கையால போடணும், அவன்தான் போட்டான். நல்லா கண்ணை மூடி வேண்டிக்கினு போட்டான்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "அக்கா சொன்னா..." என்றார்.

மத்தியானத்துக்குள் அது அடங்கிவிட்டது. புழு தோண்டுகிற இடத்திலேயே குழி வெட்டிப் புதைத்தேன். சாயங்காலம் அவர் கொல்லைக்கு வந்து, "வேற மீன் கொண்டாந்து தரேன்" என்றார். மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனேன். மீன் போனதற்கு அழுது தீர்த்துவிடலாம். நமக்கு இது போதும் என்றவருக்கே பத்து வருஷமாக அது போதவில்லை, அதை என்னிடம் சொல்லாமல் ஒரு பிடி பொரியிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சேர்ந்துதான் வாழ்ந்தோம். ஆனால் அதற்கப்புறம், சாப்பிடும்போது தட்டின்மேல் கையை மறித்து அவர் "போதும்" என்றால் நான் நிறுத்தியதே இல்லை. இன்னும் ஒரு கரண்டி வைத்துவிட்டுத்தான் நகர்வேன். அவரும் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.