டூட்டிக்குப் போன அப்பா

இரண்டு வருடங்களுக்கு முன்னால், கரும்பு அரவை நடந்துகொண்டிருந்த சமயம். சென்னையிலிருந்து மேல்பட்டாம்பாக்கத்துக்கு நாங்கள் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. என் கணவருக்குக் கடலூருக்கு மாற்றலாகியிருந்தது. கடலூரிலேயே வீடு பார்த்திருக்கலாம். ‘சின்ன ஊராகப் பார்ப்போம், அப்பாவுக்கு நிம்மதியாக இருக்கும்’ என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். நான் வெளியில் சொன்ன காரணம் அது. சொல்லாத காரணம் வேறு.

என் அப்பா சென்னையில் நகரப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். கொஞ்ச காலமாக அவருக்கு மறதி. சாவியை எங்கே வைத்தோம் என்கிற மறதி இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ‘இன்னும் சோறு போடலையா?’ என்பார். சில நாள் நான் அவருக்கு மகள், சில நாள் அவருடைய அக்கா. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருநாள் லிஃப்டுக்குள் நின்றுகொண்டு எல்லோரிடமும் ‘டிக்கெட், டிக்கெட்’ என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களை யாருக்கும் தெரியாத ஊருக்குப் போய்விட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

சின்ன ஊரில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம் என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்வது! சாமான் லாரி வந்து நின்றதுமே பாதித் தெரு வாசலுக்கு வந்துவிட்டது. எந்த ஊர், என்ன வேலை, பிள்ளைகள் உண்டா, அப்பாவுக்கு உடம்புக்கு என்ன? கடைசிக் கேள்விக்கு, ‘காது கொஞ்சம் மந்தம்’ என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தேன். அதிலிருந்து தெருவில் எல்லோரும் அப்பாவிடம் கத்திக் கத்திப் பேசினார்கள். ‘இந்த ஊர்ல ஏன் எல்லாரும் சண்டை போட்டுக்கிட்டே இருக்காங்க?’ என்று அவர் என்னிடம் கேட்பார்.

பகலில் எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடக்கும் அந்தத் தெருவில் எங்கள் வீட்டுக் கதவு மட்டும் எப்போதும் சாத்தியிருக்கும். அப்பாவின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்திருந்தேன். கதவுக்கு வெளியே என்னென்ன இருந்தன என்று எனக்குத்தானே தெரியும்! மெயின் ரோட்டில் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள், ஒன்றின் பின்னால் ஒன்றாக. ஒரு பக்கம் ரயில் பாதை. இன்னொரு பக்கம் பெண்ணையாறு. நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவள். கண் திரையில் இருந்தாலும் காது முழுக்கத் தாழ்ப்பாளில்தான் இருக்கும்.

அன்று காலை சிலிண்டர் போட ஆள் வந்து போனார். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தாழ்ப்பாள் போட மறந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், முடித்துவிட்டு வெளியே வந்தால் வாசல் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. அப்பாவின் கட்டில் காலி. பாத்ரூமில் இல்லை. மாடிப்படியில் இல்லை. ஆணியில் தொங்கிய என் கறுப்பு லேப்டாப் பையையும் காணவில்லை.

அந்தப் பைக்கு ஒரு முன்கதை இருக்கிறது. வீடு மாறும்போது அப்பாவின் பழைய கண்டக்டர் தோல் பையைக் கழித்துக்கட்டிவிட்டேன். பிய்ந்து நாறிப்போன பைதானே என்று நினைத்தேன். இங்கே வந்ததிலிருந்து அவர் தினமும், ‘என் பை எங்கே?’ என்று கேட்பார். ‘லாரியில வருதுப்பா’ என்று நானும் தினமும் சொல்வேன். கடைசியில் அவரே ஒரு பையைத் தேடி எடுத்துக்கொண்டார்.

செருப்பு போடாமல் ஓடினேன். முதலில் தண்டவாளத்துக்கு. அங்கே யாரும் இல்லை. அடுத்து மெயின் ரோட்டுக்கு ஓடினேன். டிராக்டர்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ரோட்டில் எங்கேயாவது கூட்டம் கூடியிருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடியது. அப்படி ஒரு நினைப்பு எனக்கு எப்படி வந்ததோ!

பஸ் ஸ்டாப்பில் ஒரு அக்கா டீக்கடை வைத்திருக்கிறார். மூச்சு வாங்க அவரிடம் போய், ‘அப்பாவைப் பார்த்தீங்களாக்கா?’ என்றேன்.

“உங்கப்பாவா? டூட்டிக்குப் போறேன்னு ஜம்முனு பைய மாட்டிகினு வந்தாரே. நான்தாம்மா கைய காட்டி பஸ்ஸ நிறுத்தி ஏத்திவுட்டேன். இந்த வயசுலயும் வேலைக்குப் போறாரு பாருன்னு டிரைவர்கிட்டகூட சொன்னேன்” என்றார், அத்தனை பெருமையாக.

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தவரும், ‘ஆமா, எனக்குக்கூட சலாம் வச்சிட்டுப் போனாரு’ என்றார். ஊரே பார்த்திருக்கிறது. ஊரே மரியாதையாக வழியனுப்பி வைத்திருக்கிறது. எவராவது ஒருவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பார்கள்.

“அக்கா, அவருக்குக் காது நல்லா கேக்கும். ஞாபகம்தான் இல்ல” என்றேன். அதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அந்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். “அடிப்பாவி! இத மொதல்லியே சொல்லக் கூடாதா? தெரிஞ்சிருந்தா இப்படியா ஏத்திவுட்டிருப்பேன்?” என்று திட்டிக்கொண்டே அடுப்பை அணைத்தார். அந்த வழியாகப் போகிற டிரைவர், கண்டக்டர் எல்லோரும் அவர் கடையில் டீ குடிக்கிறவர்கள்தான். போனை எடுத்து அப்பா ஏறிய பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்துவிட்டார். “கடலூர் ஸ்டாண்டுல எறங்கிட்டாராம். டிக்கெட்டு கேட்டதுக்கு ஸ்டாஃப்னாராம். இவனும் சரின்னு வுட்டுட்டான்” என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கதிகலங்க வைத்தது. பேருந்துத் தொழிலில் இருப்பவர்கள் வேறு வண்டியில் ஏறினால், ‘ஸ்டாஃப்’ என்று சொன்னால் போதும். கண்டக்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார், இடம் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவார். சின்ன வயதில் அப்பாவோடு போகும்போது நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மகள் பெயர் மறந்துபோன மனிதருக்கு அந்த வார்த்தை மறக்கவில்லை. வேறு யாராவது என்றால் கையில் காசில்லாமல் அடுத்த ஸ்டாப்பிலேயே மாட்டியிருப்பார். அப்பாவால் கன்னியாகுமரி வரைக்கும் போக முடியும். யாரும் நிறுத்த மாட்டார்கள்.

‘நீ ஒண்டியா போவ வேணாம்’ என்று கடையைப் பூ விற்கிறவரிடம் ஒப்படைத்துவிட்டு அக்காவும் என்னோடு பஸ் ஏறினார். கால் வெறுங்காலாக இருப்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். அவருடைய செருப்பைக் கழற்றி என்னிடம் தள்ளினார். வழியிலேயே போனில் சொல்லியிருந்ததால், கடலூர் பஸ் ஸ்டாண்டில் என் கணவர் எங்களுக்கு முன்பே வந்து, ஒவ்வொரு நடைமேடையாக ஓடிக்கொண்டிருந்தார். அங்கே வண்டிகளுக்கு நேரம் குறிக்கும் டைம் கீப்பருக்கு அப்பாவை நன்றாக ஞாபகம் இருந்தது. “வண்டிய ஏன் இன்னும் எடுக்கலன்னு என்னையே அதட்டுனாரும்மா. மேலதிகாரி போலன்னு நான் எழுந்து நின்னுட்டேன். சிதம்பரம் வண்டில ஏறுனாரு” என்றார். அந்த வண்டிக் கண்டக்டருக்குப் போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் கணவர் போலீஸில் சொல்லப் போனார். நானும் அக்காவும் அடுத்த சிதம்பரம் வண்டியில் ஏறினோம்.

அந்தப் பயணத்தை என்னால் ஆயுசுக்கும் மறக்க முடியாது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். வேட்டி கட்டிய கிழவர்கள் எல்லோரும் அப்பாவாகத் தெரிந்தார்கள். கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் செம்மங்குப்பம் பக்கம் வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்தினார்கள். அக்கா முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தபோதுதான் எங்கே வந்திருக்கிறோம் என்றே எனக்கு உறைத்தது. எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை.

எங்கள் டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தோம். எதிரே வந்த வண்டியை அவர் கைகாட்டி நிறுத்தினார். இரண்டு ஜன்னலும் பக்கத்தில் பக்கத்தில் வர, “கறுப்புப் பை போட்ட பெரியவரா? ஆலப்பாக்கத்துல ஒருத்தர் எறங்கி நின்னாப்புல இருந்துதே” என்றார் அந்த டிரைவர்.

ஆலப்பாக்கம் வந்தது. இறங்குவதா, போவதா? அது அப்பாவாக இருந்து நாங்கள் இறங்காமல் போனால் அவர் எந்தப் பக்கம் நடப்பார் என்று தெரியாது. அப்பாவாக இல்லாமல் நாங்கள் இறங்கிவிட்டால், அவர் சிதம்பரத்தில் அடுத்த வண்டி பிடித்துவிடுவார். ஒரு கால் படியில், ஒரு கால் உள்ளே. வண்டி நிற்கிறது. ‘சீக்கிரம் முடிவு பண்ணுங்கம்மா’ என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். “உங்க அப்பனா இருந்தா தெரியும்யா. சும்மா கெட” என்று டீக்கடை அக்கா அவர் வாயை அடைத்தார். எங்கள் கண்டக்டர் மறுபடி மறுபடி முன் வண்டிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். நான் இறங்கிவிடலாம் என்று அடுத்த காலையும் எடுத்து வைத்தேன். அப்போது கண்டக்டருடைய போன் அடித்தது.

“இங்கதான் இருக்காரு. சிதம்பரம் ஸ்டாண்டுல. வண்டிய வுட்டு எறங்க மாட்டேங்கறாரு” என்றது முன் வண்டிக் கண்டக்டரின் குரல். நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். முணுமுணுத்த மனிதர்தான் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அந்த வண்டி காலியாக ஓரமாக நின்றுகொண்டிருந்தது. பின்படியில் அப்பா, தோளில் என் லேப்டாப் பை. பக்கத்துச் சீட்டில் அந்தக் கண்டக்டர் கையில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். புதுச்சத்திரத்தில் வண்டி நின்றதும் அப்பா எழுந்து, ‘சைதாப்பேட்டை எறங்கறவங்க முன்னாடி வா’ என்று குரல் கொடுத்திருக்கிறார். அப்போதுதான் கண்டக்டருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. போனை எடுக்க முடியாதபடி நல்ல கூட்டமாம். ‘பஸ்ல யாரும் சிரிக்கலக்கா’ என்றார், நான் கேட்காமலே. உண்மையோ, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதோ தெரியாது.

“அப்பா, வாங்கப்பா. வீட்டுக்குப் போலாம்” என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். என்னை யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. “டூட்டி முடியலம்மா. நடுவுல வண்டிய விட்டுட்டு வர முடியுமா? மெமோ குடுத்துடுவான்” என்றார். நான் கெஞ்சினேன். டீக்கடை அக்கா, ‘மாமா, நல்ல மாமா இல்ல’ என்று கொஞ்சினார். அப்பா கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கண்ணில் பயம். எங்களைப் பார்த்துத்தான் அந்தப் பயம் என்பது எனக்கு நெஞ்சில் குத்தியது.

அந்தக் கண்டக்டர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “அண்ணே, உங்களுக்கு டூட்டி முடிஞ்சிது. உங்கள மாத்திவுட ரிலீவர் வந்தாச்சு” என்று என்னைக் காட்டினார். “இவுங்கதான் உங்க ரிலீவர்.”

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கே இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று நானும் நிமிர்ந்து நின்றேன். “லேடீஸா?” என்றார் சந்தேகமாக. “இப்பல்லாம் வராங்கண்ணே” என்றார் அவர். அப்பா மெல்லத் தோளிலிருந்து பையைக் கழற்றினார். வார் முறுக்கிக்கொள்ளாமல் சரிசெய்து என் தோளில் மாட்டிவிட்டார். “கூட்டம் ஜாஸ்தி. படியில யாரையும் நிக்க விடாத. பாத்துப் போம்மா” என்றார். பிறகு சமர்த்தாக இறங்கி, டீக்கடை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும் வண்டியில் கடலூர் வரை நன்றாகத் தூங்கினார்.

இப்போது தெருவுக்கே விஷயம் தெரியும். எங்கள் வீட்டுக் கதவும் பகலில் திறந்துதான் இருக்கிறது. அப்பாவிடம் யாரும் கத்திப் பேசுவதில்லை. சில நாள் காலையில் கையில் கிடைத்த ஏதாவது ஒரு பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய்விடுவார். ‘அண்ணே, இன்னிக்கு உங்களுக்கு வீக் ஆஃப்’ என்று வண்டிக்காரர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார். அவருக்கு மறதி கூடிக்கொண்டேதான் போகிறது. ஒருநாள் ‘வீக் ஆஃப்’ என்றாலும் அவருக்குப் புரியாமல் போகும். அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. அன்று அப்பா மாட்டிவிட்ட பை இன்னும் என் தோளில்தான் இருக்கிறது. ஆனால் எனக்கும் ரிலீவராக வர ஒரு ஊர் இருக்கிறது என்பதை, வாயைத் திறந்து உண்மையைச் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.