படகுக்கு அடித்த புதுப் பெயிண்ட்

செம்மேட்டுச் சந்தையில் பதினோரு வருடமாக அலுமினியப் பாத்திரம் விற்கிறேன். பழைய குண்டானில் விழுந்த ஊசி ஓட்டையை மெழுகு வைத்து அடைத்து, பாலிஷ் போட்டுப் புதுசு என்று என் தலையில் கட்டப் பார்த்தவர்கள் பலர். அதனால் எந்தப் பாத்திரம் வந்தாலும் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து உள்ளே பார்ப்பேன். பிறகு விரலால் தட்டிப் பார்ப்பேன். பளபளப்பாக இருந்தால் இரண்டு தடவை தட்டுவேன்.

மலைமேல் எடப்புளி நாட்டில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஏரியில் நானும் வீட்டுக்காரரும் மீன் குத்தகை எடுத்திருக்கிறோம். நாலு பிளாஸ்டிக் டிரம்மை மூங்கிலில் கட்டி, அதன்மேல் உட்கார்ந்துதான் அவர் வலை விடுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"புளியஞ்சோலைப் பக்கம் ஒருத்தர்கிட்ட அலுமினியப் படகு இருக்குது. மழைக்கு முன்னால எடுத்துரலாம்."

குடைக்கம்பி ஒடிந்தால் நூல் போட்டுக் கட்டிப் பிடிக்கிற மனிதர் அவர். அவருக்கு இவ்வளவு அவசரம் எங்கிருந்து வந்தது என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

"நானும் வாரேன்" என்றேன்.

"உனக்குச் சந்தை இருக்குதல்ல. நான் போய்ப் பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு போகாமல் இருக்க முடியுமா? கடையைப் பூட்டிவிட்டு, வாடகைக்குப் பிடித்த மினி லாரியில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மலையிறங்கிச் சுற்றிக்கொண்டு போக அரை நாள் ஆனது. வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

விற்பவருக்கு அறுபது வயதிருக்கும். தென்னந்தோப்பு, அதற்குள் பெரிய பண்ணைக் குட்டை. அருவி பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட வாங்கிய படகாம். இப்போது யாரும் வருவதில்லையாம். தென்னை நிழலில் கவிழ்த்து வைத்திருந்தார். ஊதா நிறம். பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை.

"ஏனுங்க, விக்கற படகுக்கு எதுக்குங்க புதுப் பெயிண்ட்?" என்று கேட்டேன்.

"பார்வையா இருக்கட்டும்னுதாம்மா" என்றவர் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

நான் படகைச் சுற்றி வந்தேன். ரிவிட் வரிசையை ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பினேன்; எதுவும் ஆடவில்லை. துடுப்பு மாட்டுகிற இடத்தில் யாரோ இரும்பு போல்ட் போட்டிருந்தார்கள், அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. அதை மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்து அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். டங், டங் என்று வந்த சத்தம் முன்மூக்குக்கு ஒரு முழம் பின்னால் வந்ததும் தொப்பென்று அடங்கியது. திரும்பத் தட்டினேன். அதே தொப்.

வீட்டுக்காரர் இருமினார்.

"இதை நிமித்திச் செங்கல் மேல வெச்சு, உள்ள தண்ணி நிரப்புங்க" என்றேன்.

"மோட்டாருக்குக் கரண்ட் இல்லம்மா" என்றார் விற்பவர். மோட்டார் அறைக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. நான் பல்பைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். போய் மோட்டாரைப் போட்டார்.

தண்ணீர் நிரம்பியதும் அடியில் குனிந்து உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தொப்பென்று கேட்ட அதே இடத்தில் பெயிண்ட் கொப்புளமாக உப்பி ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. அடுத்தது திரண்டது.

"இதைத்தான் மறைச்சீங்களா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நான் மறைக்கலம்மா. பாறையில இடிச்சு விரிஞ்சிருக்கு, பட்டி வெச்சு அடைச்சிருக்கேன்னு போன வாரமே போன்ல சொல்லிட்டேன். உங்க வீட்டுக்காரர்தான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. நீங்க தட்டிப் பாப்பீங்க, மேல பெயிண்ட் அடிச்சு வைங்கன்னதும் அவர்தான்."

அவ்வளவு நேரமும் நான் சந்தேகப்பட்டது விற்பவரைத்தான். இப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. வீட்டுக்காரர் குட்டைக் கரையில் போய் நின்றுகொண்டார். பின்னாலேயே போனேன்.

"எதுக்குங்க இப்படி?"

"ரெண்டு மாசத்துக்கு முன்னால டிரம்மு கவுந்துருச்சு. நடு ஏரி. கால் வலையில சிக்கிக்கிச்சு. கத்தி இடுப்புல இருந்துச்சு, அறுத்துட்டு வந்தேன்."

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. முழுக்க நனைந்து, கணுக்காலில் ரத்தத்தோடு வந்தார். கரையில் வழுக்கிவிட்டதாகச் சொன்னார். குடித்திருக்கிறாரோ என்று நான் வாயை முகர்ந்து பார்த்தேன். என்ன நடந்தது என்று இன்னொரு தடவை கேட்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஏரியையே விட்டுரச் சொல்லுவே."

சொல்லியிருப்பேன்.

"அதுக்கு ஓட்டைப் படகா?"

"நல்லதா வாங்கக் கையில காசில்ல. இது ஓட்டையானாலும் முழுகாதாம். சீட்டுக்கு அடியில தெர்மாகோல் வெச்சிருக்குதாம்."

திரும்பி வந்து, சீட்டைக் கழற்றச் சொன்னேன். முன் சீட்டில் தெர்மாகோல் காய்ந்து நன்றாக இருந்தது. நடுச் சீட்டைத் திறந்தால் எலி கொறித்துப் போட்ட தூளும் தென்னை நாரும்தான். விற்பவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது எனக்கே தெரியாதும்மா" என்றார். அதை நம்பினேன், அவர் முகம் அப்படி வெளுத்திருந்தது.

வேண்டாம் என்று வண்டியேறியிருக்கலாம். ஆனால் அந்த டிரம்மின் மேல் இவர் மறுபடி உட்காருவதை நினைக்க முடியவில்லை. பட்டியைச் சுரண்டச் சொன்னேன். சாண் நீளத்துக்கு விரிசல். மற்ற இடமெல்லாம் திடமாக இருந்தது. வெல்டிங் செலவைக் கழித்து விலை பேசி வாங்கினோம். துறையூரில் அலுமினியத்தைப் பற்றவைக்கிற ஆர்கன் வெல்டிங் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு போனோம். அங்கிருந்தவர் விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டு, இனி விரிசல் நீளாது என்று சொல்லி, மேலே தகடு வைத்துப் பற்றவைத்தார். இரும்பு போல்டை எடுத்துவிட்டு எவர்சில்வர் போல்ட் போட்டோம். நடுச் சீட்டுக்குப் புதுத் தெர்மாகோல் வைத்தோம். பற்றவைத்த இடத்தில் பெயிண்ட் அடிக்கட்டுமா என்று பட்டறைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

மலையேற்றும் முன் சோதித்துப் பார்க்க, மறுபடி அதே குட்டைக்குக் கொண்டுவந்து மிதக்கவிட்டோம். எனக்கு நீச்சல் தெரியாது. இருந்தாலும் இரண்டு மணல் மூட்டையோடு நானே ஏறி உட்கார்ந்தேன். அரை மணி நேரம் என் காலடியில் ஈரம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் படகைப் பிடித்தபடி நின்றார்.

இப்போது மழைக்காலம். ஏரி நிரம்பியிருக்கிறது. அவர் கரையேறியதும் நான் போய்ப் படகுக்குள் குனிந்து, பற்றவைத்த இடத்தில் விரலை ஓட்டிப் பார்க்கிறேன்.

"இன்னும் என்னைய நம்ப மாட்டியா?" என்று நேற்றுக் கேட்டார்.

"படகைத்தாங்க பாக்கறேன்" என்றேன். அது முழு உண்மை இல்லை; அவர் கரையேறும்போதே கணுக்காலையும் பார்த்துவிடுகிறேன்.