ஆறாம் பெட் அம்மாவின் செருப்பு

வெள்ளிக்கிழமை மத்தியானம் நடக்கப்போகும் கேஸ் மீட்டிங்குக்கு அவளும் வர வேண்டும் என்று பெர்சிஸ் சிஸ்டர் சொன்னபோது, மோகனா கையிலிருந்த மாப்பைச் சுவரில் சாய்க்கக்கூட மறந்து நின்றாள். ஆம்பூர்ப் பக்கத்து அந்த மிஷன் ஆஸ்பத்திரியில், பெண்கள் ஆபரேஷன் வார்டின் ஆயாம்மா அவள். அந்த மீட்டிங்குக்கு டாக்டர்களும் நர்சுகளும் போவதைப் பார்த்திருக்கிறாள். ஆயாம்மாக்களை யாரும் கூப்பிட்டதில்லை.

"நான் எதுக்கு சிஸ்டர்?"

"ஆறாம் பெட்டு விழுந்த கேஸு. அன்னிக்கு டூட்டியில இருந்தவங்க எல்லாரும் வரணுமாம். புது டாக்டரம்மா சொல்லிட்டாங்க," என்றார் சிஸ்டர். அவர் முகமும் தெளிவாக இல்லை.

ஆறாம் பெட்டில் இருந்தவர் தனபாக்கியம் அம்மா, குடியாத்தத்துக்காரர். லுங்கித் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் கை. பித்தப்பைக் கல்லை எடுக்க வந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று இருந்த நேரத்தில் ஒரு காலை பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்துவிட்டார். தலை தப்பியது. வலது மணிக்கட்டு முறிந்தது. கல்லுக்கு வந்தவர் இப்போது மாவுக்கட்டோடு அதே கட்டிலில் கிடந்தார்.

தரை ஈரமாக இருந்தது எல்லோருக்கும் தெரியும். அவர் வெறுங்காலோடு போனதும் தெரியும். ஏன் வெறுங்காலோடு போனார் என்பதை மோகனா இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வார்டில் ஒரு வழக்கம். காலை ஜெபத்துக்கு மணி அடிக்கும் முன்னால், கட்டிலுக்கடியில் கிடக்கும் செருப்புகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் வராந்தா ஸ்டாண்டில் அடுக்கிவிட வேண்டும். அப்புறம் தரையைத் துடைக்க வேண்டும். ஜெபம் முடிந்ததும் பெரிய டாக்டர் நத்தானியேல் ரவுண்ட்ஸ் வருவார். அவர் போன பிறகுதான் செருப்பு உள்ளே வரும். மோகனா சேர்ந்த முதல் நாளே பெர்சிஸ் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது இது. ஏன் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கோயிலுக்கும் வீட்டுக்கும் செருப்பை வெளியே விட்டே பழகிய கால்கள்தானே எல்லாம்.

அன்றைக்குத் தனபாக்கியம் அம்மா கேட்டார். "எஞ்செருப்பு எங்கம்மா?"

"டாக்டர் வந்துட்டுப் போவட்டும்மா, எடுத்தாறேன்," என்று மோகனா சொன்னாள். டாக்டர் அன்று தாமதமாக வந்தார். பாத்ரூம் அவசரம் அதுவரை காத்திருக்கவில்லை.

இப்படிக் கூப்பிட்டு விசாரிப்பது எதில் போய் முடியும் என்று மோகனாவுக்குத் தெரியும். வார்டுக்கு வருவதற்கு முன் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். வெளிநாட்டிலிருந்து ஒரு ஷூ தையல் விட்டுத் திரும்பி வந்தால், சூப்பர்வைசர் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு லைன் முழுக்க நடப்பார். இது யார் பீஸ், இது யார் பீஸ் என்று கேட்டுக்கொண்டே வருவார். ஒருநாள் அவர் அவளுக்குப் பக்கத்து மிஷினில் இருந்த சைராவிடம் வந்து நின்றார். தையல் விட்டது மட்டமான நூலால்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் பர்தாவைக் கூடச் சரியாகப் போட்டுக்கொள்ளாமல் கேட்டைத் தாண்டிப் போனவள்தான் சைரா, அப்புறம் வரவில்லை. பின்னால் மோகனாவுக்குக் கண் மங்கி ஊசி நேராகப் போகாமல் ஆனபோது, தெருக்கோடியில் குடியிருந்த பெர்சிஸ் சிஸ்டர்தான் ஆஸ்பத்திரியில் சொல்லிச் சேர்த்துவிட்டார். அந்தச் சிஸ்டர் சொன்ன வழக்கத்தையா அவர் முகத்துக்கு எதிரேயே எடுத்துச் சொல்வது?

வீட்டுக்காரர் லோகநாதனிடம் சொன்னாள். அவர் தோல் ஷெட்டில் லோடு ஏற்றுபவர். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"செருப்பு எடுத்தத யாராச்சும் பாத்தாங்களா?"

"தெனமும்தான் எடுக்கறேன். யாரு பாக்கறது?"

"அப்போ இன்னா கேட்டாலும் தெரியலன்னு சொல்லு. வாயத் தொறந்தின்னா வேல போய்டும். உன்ன மாதிரி வாயில்லாப் பூச்சிக்கு இது ஒண்ணும் கஷ்டமில்ல."

வெள்ளிக்கிழமை வரை சோறு இறங்கவில்லை. ஆறாம் பெட்டைக் கடக்கும்போதெல்லாம் வேகமாகக் கடந்தாள். தனபாக்கியம் அம்மாவின் மருமகள் சாயங்காலம் வந்து, பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தாள். சும்மா கிடக்காமல் எழுந்து ஓடினால் இப்படித்தான் ஆகும், இனிமேல் தறிக்கு நூலை யார் சுற்றுவது என்று. அந்தம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மீட்டிங் அறையில் நீள மேஜை. மோகனா கதவோரத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். புது டாக்டர் அஃப்ஷா, தலையில் முக்காடு போட்ட சின்ன வயசுப் பெண், எழுந்து நின்று முதலில் ஒன்றைச் சொன்னார். இது யார் செய்தார்கள் என்று தேடும் கூட்டம் இல்லை, மறுபடி ஒருத்தர் விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்க்கும் கூட்டம். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். யாரும் நம்பிய மாதிரி தெரியவில்லை. ஷூ கம்பெனி மேனேஜரும் இப்படித்தான் ஆரம்பிப்பார் என்று மோகனா நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ராத்திரி நர்ஸ் தான் மருந்து கொடுத்ததைச் சொன்னாள். தரை ஈரம் என்று போர்டு வைக்கவில்லை என்று ஒருவர் சொன்னார். பாத்ரூம் விளக்கு மங்கல் என்றார் இன்னொருவர். நத்தானியேல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பேஷன்ட் செருப்புப் போடாமல் நடந்திருக்கிறார், இனிமேல் எல்லோரும் செருப்புப் போட்டுக்கொள்ளும்படி சுவரில் எழுதி ஒட்டிவிடலாம் என்றார். சரி என்றார்கள். அஃப்ஷா டாக்டர் அதை எழுதிக்கொள்ளக் குனிந்தார்.

மோகனா அந்தச் சுவரை நினைத்துப் பார்த்தாள். சுவரில் எழுதி ஒட்டுவார்கள். தினமும் காலையில் அவளே அந்த எழுத்துக்குக் கீழே குனிந்து செருப்பை அள்ளிக்கொண்டு போவாள். மருமகளிடம் போய், உங்க மாமியார் செருப்புப் போடாமல் நடந்தார் என்பார்கள்.

"செருப்பு அவங்ககிட்ட இல்ல, மேடம்."

தன் குரல்தான் என்று அவளுக்கே சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. எல்லா முகமும் கதவுப் பக்கம் திரும்பியது.

"நான் எடுத்துட்டேன். கேட்டாங்க. அப்புறம் தர்றேன்னு சொன்னேன்."

"ஏன் எடுத்தீங்க?" அஃப்ஷா டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார்.

மோகனா தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் பக்கம் தலையைத் திருப்பக்கூடாது என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

"நான் சொல்லித்தான் எடுக்கறாங்க," என்றார் பெர்சிஸ் சிஸ்டர். நத்தானியேல் டாக்டர் பக்கம் திரும்பினார். "ரவுண்ட்ஸ்ல செருப்பு இருக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, சார்."

"நானா?" என்றார் நத்தானியேல் டாக்டர்.

"ஆமா சார். பழைய கட்டடத்துல இருந்தப்போ. உங்க கால்ல ஒரு செருப்பு தடுக்கிடுச்சு. இது வார்டா, செருப்புக் கடையான்னு கேட்டீங்க. மறுநாள்லருந்து எடுத்துட்டு இருக்கோம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கு நினைவே இல்லை. அப்படிக் கேட்டிருப்பேன் என்றார், கேட்டிருக்கக்கூடியவன்தான் என்றார். யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அஃப்ஷா டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். செருப்பு கட்டிலடியிலேயே கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், தரை துடைப்பது ரவுண்ட்ஸ் முடிந்து, ஒரு பாதி காய்ந்த பிறகே மறுபாதி.

வெளியே வந்தபோது சிஸ்டர் அவளோடு பேசவில்லை. சனிக்கிழமையும் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை இல்லை. யார் பீஸ் என்று கேட்காமலே லைனை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று ஞாயிறு முழுக்க மோகனா பயந்துகொண்டிருந்தாள். லோகநாதன் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார், சொன்னேனா இல்லையா என்று.

திங்கட்கிழமை காலை ஜெப மணி அடித்தது. வெறுங்கையோடு நிற்பது என்னவோ போல இருந்தது அவளுக்கு. நத்தானியேல் டாக்டர் வந்தார். ஆறாம் பெட்டருகே அவர் பூட்ஸ் ஒரு செருப்பில் இடித்தது. பெர்சிஸ் சிஸ்டரின் கை தானாக முன்னால் போனது. டாக்டர் கீழே பார்த்தார், காலாலேயே அதைக் கட்டில் பக்கம் தள்ளிவிட்டார், மணிக்கட்டைப் பற்றிக் கேட்டார், அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"இன்னிக்கு எடுக்கலியா?" என்றார் தனபாக்கியம் அம்மா.

"இனிமே எடுக்க மாட்டோம்மா." மோகனா தயங்கினாள். "அன்னிக்கு உங்க மேல தப்பில்லம்மா. நாங்கதான் எடுத்துட்டோம். மீட்டிங்லயும் பேசிட்டாங்க."

அந்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எனக்குத் தெரியாதா? சாயங்காலம் எம் மருமவ வருவா. அவகிட்ட வந்து சொல்லு."

மோகனாவின் டூட்டி மத்தியானமே முடிந்துவிடும். முடிந்ததும் அவள் பஸ்ஸுக்குப் போகாமல் வராந்தாவில், காலியாகக் கிடந்த செருப்பு ஸ்டாண்டுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, மருமகளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த பெர்சிஸ் சிஸ்டர் நின்றார். வீட்டுக்குப் போகலியா என்றார். மருமகளுக்காகக் காத்திருப்பதை மோகனா சொன்னாள். சிஸ்டர் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி அவரும் உட்கார்ந்துகொண்டார்.