இருபத்தேழாம் ஸ்லைடு

நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. இதை எங்கள் ஊர் நாகலூரில் எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லி அலுத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. நான் படித்தது உயிர்மருத்துவ அறிவியலில் ஆனர்ஸ் பட்டம். நான்கு வருடம், அதில் கடைசி வருடம் முழுக்க ஆராய்ச்சி. நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுக்கும் படிப்பல்ல, நோய் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்க்கும் படிப்பு. ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பொறுமையாக விளக்குவேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு, "செரி கண்ணு, எனக்கு முட்டி நொம்ப வலிக்குது, என்ன மாத்திரை போடட்டும்?" என்பார்.

மற்றவர்களை விடுங்கள். என் அம்மாவுக்கே அதைப் புரியவைக்க முடியவில்லை. அப்பா போன பிறகு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்து, களத்தில் காயவைத்து, என்னைச் சேலத்துக் கல்லூரிக்கு அனுப்பியவள் அவள். அவளைப் பொறுத்தவரை வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் டாக்டர். கோட்டுப் போட்டு நான் எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்றை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிலிருந்து டீக்கடைக்காரர் வரை காட்டிவிட்டாள். முதலில் சண்டை போட்டேன். பிறகு அவளுக்கு அதில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டதுதான் என் முதல் தப்பு.

கடைசி வருட ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் எஸ்டேட் பெண்களின் ரத்தசோகை. நாற்பது பேரிடம் ரத்தம் எடுக்க வேண்டும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒரு சொட்டை ஸ்லைடில் தேய்த்துக் காயவைத்து, சாயமிட்டு, நுண்ணோக்கியில் சிவப்பணுக்களின் அளவையும் நிறத்தையும் குறிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதில் ஒரு விதி உண்டு. எந்த ரத்தம் யாருடையது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் சாயும், வேண்டியவர்களுக்கு ஒரு மாதிரியும் வேண்டாதவர்களுக்கு ஒரு மாதிரியும் எழுதும். அதனால் எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸம்மா ஒரு அறையில் ரத்தம் எடுப்பார். டியூபில் பெயர் இருக்காது. கலைத்துப் போட்ட எண்களில் ஒன்றை ஒட்டி, பத்துப் பத்தாகச் சேர்த்து அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அனுப்புவார். பெயரும் எண்ணும் எழுதிய தாள், ஒட்டிய உறைக்குள் என் பேராசிரியையின் பீரோவில் இருக்கும். ஆராய்ச்சி முடியும்வரை அதைத் திறக்கக் கூடாது. ரத்தம் குறைந்தவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டும், நான் அனுப்பும் எண்ணைத் தன்னிடமுள்ள நகலில் பார்க்கும் நர்ஸம்மா வழியாகப் போய்ச் சேரும்.

முதல் முறை ரத்தம் எடுத்த நாள் ஐப்பசி கடைசியில். டிஸ்பென்சரி வாசலில் நின்றால் எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரம் தெரியாத அளவுக்குப் பனி. இருபது ஸ்லைடுகளை வரிசையாக அடுக்கி, மணிக்கணக்காக ஊதிப் பார்த்தேன், அட்டையால் விசிறிப் பார்த்தேன். ஈரம் போகவே இல்லை. கல்லூரிக்கு எடுத்து வந்து சாயமிட்டுப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்பணுக்களின் நடுவில் பளபளவென்று ஓட்டைகள். ஒன்றில் அல்ல, பத்துப் பன்னிரண்டு ஸ்லைடுகளில். எங்கள் மலையில் இதுவரை யாரும் பார்க்காத ஏதோ நோய் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். ஓடிப்போய்ப் பேராசிரியையைக் கூட்டி வந்தேன்.

அவர் ஒரு நிமிடம் பார்த்தார். கண்ணை எடுக்காமலே சிரித்தார்.

"ஏம்மா, நீ கண்டுபிடிச்சது வியாதி இல்ல. உங்க ஊர்ப் பனி. ஸ்லைடு காயலைன்னா இப்படித்தான் தெரியும்."

ஆய்வகமே சிரித்தது. அந்த வாரம் முழுக்க என்னை "என்ன பனி, சாப்பிட்டாச்சா?" என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் எனக்குக் கேலி தாங்காது. மலையிலிருந்து வந்தவள் என்பதற்காக ஏற்கெனவே முதல் வருடத்திலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். இனி எவரிடமும் போய் ஒரு ஸ்லைடைக் காட்டி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று முடிவு கட்டினேன். பேராசிரியை நல்லவர். அந்தப் பத்துப் பன்னிரண்டு ஸ்லைடுகளையும் மீதி ரத்தத்தில் மறுபடி போடவைத்துச் சரிபண்ணிக் கொடுத்தார்.

இரண்டாம் முறை தை மாதம். டிஸ்பென்சரிக்கு ஒருவரும் வரவில்லை. முதல் இருபது பேரின் ரத்தத்தைச் சேலத்தில் விற்றுவிட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பெண்கள் தூரத்தில் கும்பலாக நின்றார்களே தவிர, படியேறவில்லை. நர்ஸம்மா அலுத்துப்போய் டியூபுகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் அம்மா களத்திலிருந்து வந்தாள். கையில் காப்பிப் பழத்தின் பிசுபிசுப்பு, முழங்கால்வரை தூசி. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கும்பலைப் பார்த்து, "ஏனுங்க, என்ற புள்ள உங்க ரத்தத்த வித்தா மாடி ஊடு கட்டப்போறா? அவ டாக்டருங்க" என்று சத்தம் போட்டுவிட்டு உள்ளே போனாள். "நர்ஸம்மா, சீக்கிரம் குத்துங்க. களத்துல காப்பியக் கிண்டி உடோணும், போட்டது போட்டபடி வந்திருக்கேன்" என்று அவள் சொன்னது எனக்கு அடுத்த அறையில் கேட்டது. அவள் பின்னால் ஒவ்வொருவராகப் பத்தொன்பது பேர் வந்தார்கள். அம்மாவால்தான் என் நாற்பது நிறைந்தது.

மறுநாள் கல்லூரியில் சாயமிட்டேன். எல்லாம் எதிர்பார்த்தபடியே இருந்தன. சின்னச் சின்னதாக, வெளிறிப்போன சிவப்பணுக்கள். எங்கள் பக்கத்தில் ரத்தக் குறைவைப் பார்த்து யார் என்று அடையாளம் சொல்ல முடியாது, எல்லாருக்கும் அதுதான். இருபத்தேழாம் ஸ்லைடு மட்டும் வேறு மாதிரி இருந்தது. சிவப்பணுக்கள் கொஞ்சமாகத்தான் இருந்தன. அவற்றுக்கு நடுவே பெரிய பெரிய ஊதாக் கறைகள். வெள்ளணுக்கள் உடைந்து இழுபட்டுக் கிடந்தன. உடையாமல் இருந்த சிலவும் பெருத்துப்போய்த் தெரிந்தன.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேராசிரியை இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டிருக்கலாம். டியூபில் மீதி ரத்தம் இருந்தது, இன்னொரு ஸ்லைடு போட்டுப் பார்த்திருக்கலாம். பத்து நிமிட வேலை. நான் குறிப்புக் கட்டத்தில் "பனி" என்று எழுதினேன். எனக்குப் பாடம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் திமிர் அதில் இருந்தது. மீதி முப்பத்தொன்பதை வைத்துக் கணக்குப் போட்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். அம்மாவின் கையில் ஊசி குத்திய இடம் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. "நர்ஸம்மா கொஞ்சம் அழுத்திக் குத்திப்போட்டாங்க" என்றாள். ஒத்தடம் கொடு என்றேன். ரத்தத்தைப் பற்றி நான்கு வருடம் படித்தவள் சொன்ன வைத்தியம் அது. நர்ஸம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளை அவள் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். என் மாத்திரை என்றுதான் அதற்குப் பெயர். "உன்ற மாத்திரையப் போட்டுட்டேன் கண்ணு" என்று தினமும் போனில் சொல்வாள்.

"என்ற ரத்தம் எப்படி இருந்துச்சு?" என்று அன்று கேட்டாள்.

"அது யாருதுன்னு எனக்குத் தெரியாதும்மா. எல்லாம் நம்பர்தான்."

"செரி, யாருக்காச்சும் பெருசா ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் ரத்தம் கம்மி. மாத்திரை போட்டாச் செரியாப்போயிரும்."

அந்தப் பதிலை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். மாசியில் ஈறு கசிய ஆரம்பித்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. ஒரு நாள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டாளாம். ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நர்ஸம்மா இரண்டு முறை சொல்லியிருக்கிறார். "என்ற புள்ளையே ரத்தத்தப் பாத்துட்டாளுங்க, ஒண்ணுமில்லையாமா" என்று அம்மா திருப்பி அனுப்பியிருக்கிறாள். எனக்கு இது எதுவும் தெரியாது. நான் ஆய்வேட்டுக்குப் பத்தி பிரித்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் காய்ச்சல் கண்டு, நினைவு தடுமாறியபிறகுதான் ஜீப்பில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரத்தப் புற்றுநோய், வேகமாக முற்றும் வகை, நிறைய நாளாக விட்டிருக்கிறீர்கள் என்றார். இதற்கு முன் எங்காவது ரத்தம் பார்த்தீர்களா என்று அவர் கேட்டது, கட்டிலில் கிடந்த அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. "பாத்தாச்சுங்க. இவளேதான் பாத்தா" என்றாள், பெருமை குறையாத குரலில். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

வராந்தாவுக்கு வந்து பேராசிரியைக்குப் போன் செய்தேன். உறையைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். பீரோ திறக்கும் சத்தமும் தாள் கிழியும் சத்தமும் கேட்டன. அம்மாவின் பெயரை வாசித்து, "இருபத்தேழு" என்றார். எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. நாற்பதில் ஒன்றுதானே அப்படி இருந்தது.

மருந்து ஆரம்பித்தார்கள். உடம்பு ஏற்கவில்லை. அடுத்த பத்து நாளும் நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு மத்தியானம், தெளிவாக இருந்த நேரத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு எடுத்த ரத்தத்துல இது இருந்துச்சா கண்ணு?"

பொய் சொல்ல முடியவில்லை. "இருந்துச்சும்மா. எனக்குத்தான் தெரியல. அன்னைக்குப் பனி. ஸ்லைடு காயல, அதுல ஒண்ணும் செரியாத் தெரியல" என்றேன். அப்போது நான் அதை முழுசாக நம்பினேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"ஆமா சாமி. அன்னைக்கு நொம்பப் பனி. முன்னால நிக்கற ஆளே தெரியலையே. நீ என்ன பண்ணுவ, பாவம்" என்றாள்.

அதற்கு ஐந்தாம் நாள் போய்விட்டாள். தை மாதமே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது, ஆனால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்றார். அந்த ஒரு வாய்ப்பை நான்தான் குறிப்புக் கட்டத்தில் போட்டு மூடினேன். விதி, நேரம், உன் தப்பில்லை என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மீதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆய்வேட்டைத் திருத்தப் பேராசிரியை கூடுதல் நாள் வாங்கிக் கொடுத்தார். முப்பத்தொன்பதை நாற்பதாக்க வேண்டும் என்று நான்தான் அடம் பிடித்தேன். இருபத்தேழாம் ஸ்லைடை ஏன் முதலில் விலக்கினேன் என்று காரணம் எழுத வேண்டியிருந்தது. ரத்தம் எடுத்த நாட்களின் வானிலையைக் குறித்து வைத்த என் களக் குறிப்பேட்டை எடுத்தேன். ஐப்பசிப் பக்கத்தில் "கடும் பனி, ஸ்லைடுகள் காயவில்லை" என்றிருந்தது. தை மாதப் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்துத்தான். "நல்ல வெயில். எல்லா ஸ்லைடுகளும் ஐந்து நிமிடத்தில் காய்ந்தன."

இரண்டு மாதம் முன்னால் வாங்கிய கேலி மனதில் நின்ற அளவுக்கு, முந்தைய நாள் அடித்த வெயில் என் மனதில் நிற்கவில்லை. ஸ்லைடில் எந்தக் கோளாறும் இல்லை. நான் பார்த்தது என் அம்மாவின் நோயைத்தான், அதை நன்றாகவே பார்த்திருக்கிறேன்.

குறிப்பேட்டை மூடப் போனவளுக்கு, டிஸ்பென்சரியில் அடுத்த அறையிலிருந்து கேட்ட குரல் ஞாபகம் வந்தது. களத்தில் காப்பியைக் கிண்டிவிட வேண்டும் என்று அவசரப்பட்டாளே. பனி பெய்தால் பழத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பார்கள். வெயில் அடித்தால்தான் பரப்பிக் கிண்டுவார்கள். அன்று காலையிலிருந்து வெயிலில் நின்றவள் அவள். அன்று பனி இல்லை என்று எனக்கு முன்பே அவளுக்குத் தெரியும்.