மாடிக் கடையில் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறுகிறவர்களில் பலர், சந்தைக்குப் போனால் அக்காவின் கடையில் நின்று ஒரு வார்த்தை பேசாமல் வராதவர்கள். அதனால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது தேவதானப்பட்டி. வாழ்க்கைப்பட்டது கம்பத்துக்கு அருகில் ஓர் ஊரில். அத்தான் காலமானபின் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்க, அந்த ஊர்ச் சந்தையில் மல்லி, புதினா விற்க உட்கார்ந்தார்கள். மேகமலையிலிருந்து இறங்கி வருபவர்கள் அக்காவிடம் பையை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஒருமுறை எஸ்டேட் பெண் ஒருத்திக்குச் சந்தைக்குள்ளேயே இடுப்புவலி கண்டது. பக்கத்தில் வாழைப்பூ விற்ற ஆரோக்கியம்மாள் சேலையை மறைப்பாகப் பிடித்தார். தேங்காய்க் கடைக்காரர் ஓடிப்போய் ஜீப் கொண்டுவந்தார். அக்கா அந்தப் பெண்ணை மடியில் சாய்த்தபடியே ஆஸ்பத்திரி வரை போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பிறகு சந்தையை இடித்துப் புதுக் கட்டடம் கட்டினார்கள். குலுக்கலில் அக்காவுக்கு மாடியில் கடை விழுந்தது. ஆரோக்கியம்மாளுக்குக் கடையே கிடைக்கவில்லை. மகனோடு திருப்பூர் போய்விட்டார்.

"அங்கன ஏறி யாருப்பா மல்லித்தழை வாங்க வருவாக? நான் ரோட்டோரமே உக்காந்துக்கிறேன்" என்றார்கள் அக்கா.

"வெயிலு, மழை படாதுக்கா. எடுத்துக்க" என்று வற்புறுத்தியவன் நான்தான்.

மாடியில் பாதிக் கடைகள் திறக்கவே இல்லை. அக்கா மூட்டுவலியோடு படியேறினார்கள். கடைசியாகப் போனில் பேசியபோது, "தம்பி, காலையில இருந்து வாயத் தெறக்கலப்பா. பேச ஆளில்ல" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் கடையிலேயே நெஞ்சுவலி வந்திருக்கிறது. கீழே சந்தை நிறைய ஆட்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. பிற்பகலில் புதினா வாங்க ஏறி வந்த ஒரு அம்மா, தூங்குவதாக நினைத்துத் தொட்டிருக்கிறார். சத்தம் போட்டு ஆளைக் கூட்டியதும் அவர்தான்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார்கள் ஆஸ்பத்திரியில். விதி என்று உறவினர்கள் தேற்றுகிறார்கள். எனக்கு மனம் ஆறவில்லை; இனி ஆறும் என்றும் தோன்றவில்லை.

செய்தி கேட்டதும் பஸ் ஏறி வந்து அக்காவைக் குளிப்பாட்டிய ஆரோக்கியம்மாளுக்கும், தோள் கொடுத்த சந்தை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

புதினா வாங்க வந்த அந்த அம்மா, நான் போய்ச் சேரும்வரை ஆஸ்பத்திரியில் அக்காவின் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஒங்க அக்காவா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.