ஹைமாவதியின் மூன்றாம் நாள் வகுப்பு

அமீர்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியின் சமையலறை என் பொறுப்பு. அங்கே தங்கியிருக்கும் ஹைமாவதி ஸ்ரீகாகுளத்துப் பெண். எதிர்க் கட்டடத்துப் பயிற்சி நிலையத்தில் டேட்டாபேஸ் சொல்லிக்கொடுக்கிறாள். மலைபோல் குவிந்த தகவலிலிருந்து கேட்டதை மட்டும் எடுக்கும் வித்தை என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் பேட்டையில் தெருவெல்லாம் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்கள்தான்; எல்லா இடத்திலும் முதல் மூன்று நாள் வகுப்பு இலவசம். பிள்ளைகள் நாலு இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மனதுக்குப் பிடித்த இடத்தில் சேருவார்கள். நான்காம் நாள் அறை நிறையாவிட்டால் வகுப்பு அவளுக்குக் கிடையாது என்று பயிற்சி நிலைய முதலாளி சத்தியம் காரு சொல்லிவிட்டார். மற்ற இடங்களில் இன்டர்வியூ கேள்விகளுக்கு விடையையே கொடுத்துவிடுவார்கள். இவளோ முதலில் புரோகிராம் எழுத வைப்பாள். தியரியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்றாம் நாள் சாப்பிடாமல் ஓடிவிட்டாள் என்று டிபன் டப்பாவோடு போனேன். கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

பிள்ளைகளின் கம்ப்யூட்டர்களில் விடுதிப் பெண்கள் ஒரு பட்டியல், அறைகள் ஒரு பட்டியல். லட்சக்கணக்கில் அவளே கற்பனையாக உண்டாக்கியவை.

"சனிக்கிழமை ஒருபொழுது இருக்கிற பொண்ணுங்க எந்தெந்த ரூம்னு கண்டுபிடிங்க" என்றாள்.

எழுதினார்கள். எல்லாத் திரையும் அப்படியே நின்றது. பார்கவ் என்ற பையன் சாய்ந்து உட்கார்ந்தான்.

"மேடம், இது முடியறதுக்குள்ள அடுத்த சனிக்கிழமையே வந்துரும். பக்கத்து பில்டிங்ல பதிலை பிரிண்ட் போட்டே குடுக்கறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் எல்லம்மாவை வேண்டிக்கொண்டேன்.

"தாராளமா போப்பா. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு, உன் மிஷின் இப்ப என்ன பண்ணுது?"

"ஒவ்வொரு பொண்ணையும் ஒவ்வொரு ரூம் வாசல்லயும் நிறுத்திப் பாக்குது."

"எந்தப் பொண்ணுங்களை?"

"எல்லாரையும்தான். விரதம் இல்லாதவங்களையும்..." நிமிர்ந்து உட்கார்ந்தான்.

விரதக்காரிகளை முதலில் பிரித்துக்கொண்டு, அவர்களுக்கு மட்டும் அறை தேடும்படி மாற்றி எழுதினான். தட்டியவுடன் விடை வந்தது. விடை சரிதானா என்று பக்கத்துப் பெண்ணுக்குச் சந்தேகம் போகவில்லை. தன் பழைய புரோகிராமை முடியும்வரை ஓடவிட்டுப் பார்த்தாள். அதே அறைகள்தான்.

ஹைமாவதி அப்போதுதான் பலகையில் எழுதினாள்: முதலில் சலித்தெடு, பிறகு பட்டியல்களைச் சேர், விடை மாறாது.

"இதான் தியரி. கண்டுபிடிச்சது நீங்க. புஸ்தகத்துல அதுக்கு என்ன பேருன்னு மட்டும் நான் சொல்றேன்."

மறுநாள் காலை சட்னி அரைப்பதை விட்டுவிட்டு எதிர்க் கட்டடத்துப் படிக்கட்டுக்கே போய் நின்றேன். பார்கவ் இரண்டு சிநேகிதர்களோடு வந்தான்.

"என்னப்பா, பக்கத்து பில்டிங்?" என்றாள் ஹைமாவதி.

"அங்க தூக்கம் வருது மேடம்."

பெஞ்சில் இடமில்லாமல் சிலர் நின்றார்கள். சத்தியம் காரு எட்டிப் பார்த்து, "பேட்ச் உன்னுதுதாம்மா" என்றார். அவள் "சரிங்க" என்று பலகையைத் துடைக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பெண் என் கையால் சாப்பிடுகிறவள் என்று பால்காரரிடம்கூடச் சொன்னேன்.