கழி ஊன்றும் வரை

எங்கள் குப்பத்தில் ஏரியின் முகத்துவாரம் யாருக்கும் சொந்தமில்லை. சீட்டுப் போட்டு, வீட்டுக்கு ஒரு நாள் வலை கட்டுவோம். அந்த முறைக்குப் 'பாடு' என்று பெயர். அந்த வருஷம் இறால் ஓடும் நேரத்தில் எங்கள் பாடு வந்தது. அன்றைக்கென்று பார்த்துத்தான் என் மாமனாரின் அண்ணன் சாகக் கிடந்தார்.

பங்காளி செத்தால் எங்களுக்கும் தீட்டு. தீட்டுக்காரன் ஏரியில் கால் வைக்கக் கூடாது. பாடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கழி ஊன்றி வலையைக் கட்டிய பிறகு சாவுச் செய்தி காதில் விழுந்தால் மட்டும் அன்று விழும் இறால் எங்களுடையது. மழைக்காலம் முழுக்க எங்கள் அடுப்பில் வெறும் கஞ்சித் தண்ணீர்தான். எனக்குப் பால் வற்றிவிட்டது. மடியில் கிடந்த குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

அந்தப் பெரியவர், கோட்டையிலிருந்த ஒல்லாந்தருக்குச் சாயத்துணி விற்று மெத்தை வீடு கட்டியவர். அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு படி அரிசி வந்ததில்லை. ஆனால் மாடியில் கிடந்த அவருக்கு விசிற மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். பெற்ற பிள்ளைகள் கீழே நகைப்பெட்டியின் சாவிக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'தாயே கங்கம்மா, இந்த ஆளைச் சாயங்காலம் வரைக்கும் விட்டுவை' என்று வேண்டிக்கொண்டேன். ஓர் உயிருக்காக நான் அப்படி உருகியதே இல்லை, அதுவும் இறாலுக்காக!

சன்னல் வழியே முகத்துவாரம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் கழிகளோடு தோணியில் காத்திருந்தார். ஏரி நீர் கடலுக்கு வடியத் தொடங்கினால்தான் ஊன்ற முடியும். வெயில் சாய்ந்தும் நீர் அசையவில்லை.

பெரியவர் கண் திறந்தார்.

"இன்னிக்கி யார் பாடும்மா?"

"எங்களுதுதான் மாமா."

"கழி ஊனிட்டானா?"

"இன்னும் தண்ணி வடியல."

கீழே ஏதோ உருண்டு விழுந்தது. "இன்னா சத்தம்?" என்றார்.

"பெட்டி சாவிக்குச் சண்ட மாமா." மறைக்க எனக்கு மனசில்லை.

சிரிக்கப் போய் அவருக்கு இருமல் வந்தது. "எங்கிட்ட துணி வாங்குன ஒல்லாந்தன் அதோ அந்த இடுகாட்லதான் கெடக்குறான். கல்லுல எலும்புக்கூடு செதுக்கி வெச்சிக்கீறாங்க. அதப் பாக்கும்போதெல்லாம் சாவு அவனுக்குத்தான்னு நெனச்சிக்கினு வந்துடுவேன். எல்லாம் கங்கம்மா எரவலாக் குடுத்ததும்மா. இப்பத் திருப்பிக் கேக்குறா."

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில், இளவயதில் வலை இழுத்த கையின் வலு இன்னும் இருந்தது.

"நான் பூட்டேன்னா ஒடனே கத்தாத. கழி ஊனட்டும். அது வரிக்கும் விசிறிக்கினே இரு. இது ஒண்ணுதான் இப்ப என் கையில கீது."

சற்று நேரத்தில் அந்தப் பிடி தளர்ந்தது. மார்பு ஏறவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு விசிறினேன்.

மூத்த மகன் பாதிப் படியில் நின்று குரல் கொடுத்தான். "நைனா எப்டிக் கீறாரு?"

"பேசாம கீறாரு."

அவன் மேலே ஒரு படி வைத்தான். நான் விசிறியை இன்னும் வேகமாக வீசினேன். கீழே தம்பி எதையோ இழுக்கும் சத்தம் கேட்டதும் திரும்பி ஓடினான்.

செத்தவருக்குக் காற்று வீசிக்கொண்டு, குழந்தையை அணைத்துக்கொண்டு, தண்ணீரையே பார்த்தேன். கடைசியில் ஒரு பாசிக்கொத்து கடல் பக்கமாக நகர்ந்தது. என் வீட்டுக்காரர் முதல் கழியைத் தூக்கினார். ஒவ்வொன்றாக ஊன்றி, நிதானமாக வலையைக் கட்டினார். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உயிர் போயிற்று. அவருக்கு என்ன தெரியும்?

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். நான் விசிறியைக் கீழே வைத்தேன். ஒரு படி அரிசி தராதவர் என்று காலையெல்லாம் திட்டிக்கொண்டிருந்த அதே வாயால், "என்னப் பெத்த நைனாவே!" என்று ஊருக்கே கேட்கும்படி கதறினேன்.